அலமாரியின் அஞ்சாவது சட்டை

"எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடலாங்க" - இது தங்கமணி.

"ரெண்டு டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ். சனி, ஞாயிறுல முடிச்சுக் காட்டறேன் பாரு" - இது அடியேன்.

ஒஹாயோ மாநிலத்துல, டொலீடோ நகரத்துலேர்ந்து கார்ல ஒரு மணி நேரத் தூரத்துல ஒரு பழைய வீடு வாங்கினோம். 1956-ல் கட்டினது. வீடு நல்ல வீடுதான். சமையலறை அலமாரிகளைப் பார்த்தாத்தான் அழுகை வரும். வெள்ளை பெயிண்ட் அங்கங்க அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்குது. கைப்பிடிகளைச் சுத்தி பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. குளியலறைல வாஷ்பேசினுக்குக் கீழ இருக்கற அலமாரியும் அதே கதி.

புது அலமாரிக்கு ஒரு கடைல விலை கேட்டோம். கேட்டுட்டு ரெண்டு பேரும் பேசாம கார்ல வந்து உக்காந்துட்டோம். அதுக்கப்புறம்தான் மேலே சொன்ன என்னோட வீர வசனம் :-)

சனிக்கிழமை காலைல உப்புத்தாளும் கையுமா இறங்கிட்டேன். ரெண்டு கதவைத் தேய்ச்சு முடிச்சு, மூணாவதுல பாதி. பக்கத்து அறைல ரெண்டரை வயசு மக பொம்மைகளைப் பரப்பிட்டு உக்காந்திருக்கா. கராஜ் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க விலை சொல்றதுக்காக ஒரு பெரியவரை வரச் சொல்லியிருந்தேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும், மூணு தலைமுறையா பெயிண்டர் குடும்பம். உள்ள வந்தவர் தரைல கிடந்த தூசியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வீடு எந்த வருஷம்?"

"1956."

"கைல இருக்கறதை அப்படியே கீழ வைங்க. குழந்தையை வெளிய தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அவர் கராஜ் பக்கமே போகலை. ஈரத்துணி போட்டுத் துடைச்சார், வேன்லேர்ந்து ஒரு ஸ்பெஷல் வாக்குவம் கிளீனரை எடுத்துட்டு வந்து உறிஞ்சினார். போறப்ப கதவோட ஓரத்துலேர்ந்து நகத்து அளவு பெயிண்ட் துணுக்கை வெட்டி ஒரு உறைல போட்டார். ஆய்வகத்துக்காம். நாங்க மகளைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர மூணு நாள் ஆகும்னாங்க.

அந்த மூணு நாளும் தூக்கம் வரலை. உக்காந்து படிச்சேன். அப்படிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

பெரியவர் துணுக்கை வெட்டினப்ப ஒண்ணு காட்டினார். சாய்வா வெட்டினா, மரத்துல வளையம் தெரியற மாதிரி வரிசையா நிறம் தெரியுது. அடில கிரீம். அதுக்கு மேல புதினாப் பச்சை. அதுக்கு மேல தங்க மஞ்சள். எல்லாத்துக்கும் மேல வெள்ளை. "நாலு சட்டை போட்டிருக்கு உங்க அலமாரி. உடம்பு ஒண்ணுதான்"னார். அந்த வரிசைலயே போவோம்.

முதல்ல உடம்பு

சமையலறைல சுவரோட சுவரா அலமாரி இருக்கறதெல்லாம் ரொம்பப் பழைய விஷயம் இல்லீங்க. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையலறைல ஒரு மேசை, ஒரு அடுப்பு, தனியா நிக்கற ஒண்ணு ரெண்டு பெட்டி, அவ்வளவுதான். ஒரு சாமானை எடுத்து இன்னொண்ணுல போடறதுக்கு நாளைக்கு எத்தனையோ மைல் நடக்கணும். 'வேலைய ஒரே இடத்துல வைங்கப்பா'ன்னு முதல்ல எழுதினவங்கள்ல ஒருத்தர் கேத்தரின் பீச்சர். கொஞ்ச வருஷம் எங்க ஒஹாயோவோட சின்சினாட்டில வாழ்ந்தவர். 1869-ல் தன் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவோட (ஆமா, 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதினவங்களேதான்) சேர்ந்து எழுதின புத்தகத்துல, நீராவிக் கப்பல் சமையல்காரர் எப்படி சின்ன இடத்துல எல்லாத்தையும் கைக்கெட்டற தூரத்துல வெச்சிருக்கார் பாருங்கன்னு உதாரணம் காட்டறார்.

அடுத்தது பக்கத்து மாநிலம் இண்டியானா. 1900 வாக்குல நியூ காசில்ங்கற ஊர்ல ஹூசியர் கம்பெனி ஒரு அலமாரி செஞ்சு விக்க ஆரம்பிச்சுது. மாவுக்கு சல்லடையோட ஒரு தொட்டி, சர்க்கரைக்கு ஜாடி, இழுத்தா வெளிய வர்ற மேடை, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. முதல்ல ஓக் மரத்தோட இயல்பான நிறம். 1920-கள்ல வெள்ளைலயும் வண்ணங்கள்லயும் எனாமல் பூசி வர ஆரம்பிச்சுது. கிருமின்னு ஒண்ணு இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்ச காலம் அது. அழுக்கு பட்டா உடனே தெரியணும், துடைச்சா போயிடணும். அதுக்கு வெள்ளை எனாமல்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனில 1926-ல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கிங்கற பெண் கட்டடக் கலைஞர் 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'ய வடிவமைச்சாங்க. தொழிலாளர் குடியிருப்புகள்ல சுமார் 10,000 வீட்டுக்கு இதையே போட்டாங்க. சுவரோட பொருத்தின அலமாரி வரிசைக்கு அதுதான் பாட்டி. நீலப்பச்சை நிறம் அடிச்சாங்க. காரணம் என்ன தெரியுமா? அந்த நிறத்துல ஈ உக்காராதுன்னு அப்ப ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்களாம்!

எங்க வீட்டு அலமாரி இந்த வம்சம்தான். ஆனா ஃபாக்டரில செஞ்சு மாட்டினதில்லை. 1956-ல் தச்சர் இங்கயே நின்னு, பைன் மரத்துலயும் பிளைவுட்டுலயும் சுவரோட சேர்த்து அடிச்சது. ஒரு வீட்டோட ஜன்னல், கதவு எப்படியோ, அலமாரியும் அப்படி. ஜன்னல் நிறம் மங்கினா ஜன்னலையா மாத்துவோம்? பெயிண்ட்தானே அடிப்போம். அந்தக் காலத்துல அலமாரிக்கும் அதுவே வழக்கம். ஃபாக்டரில பெட்டி பெட்டியா செஞ்சு, கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் பண்ற காலம் வந்த பிறகுதான் 'கழட்டிப் போட்டுட்டுப் புதுசு'ங்கற நினைப்பே பரவலாச்சு. அதனால இப்ப 'ரீபெயிண்ட்'ன்னு புதுசா விளம்பரம் பண்றது, உண்மைல பழைய வழக்கம் திரும்பி வர்றதுதான்.

முதல் சட்டை: கிரீம்

இங்க கொஞ்சம் தமிழ் வாத்தியார் வேலை பாக்கணும். நாம ஈயம்னு பொதுவா சொல்றது ரெண்டு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள பூசறது, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, இதெல்லாம் வெள்ளீயம். அது வேற. பெயிண்ட்ல கலந்தது காரீயம். இதுதான் வில்லன். (கொசுவத்தி சுத்தறேன்: சின்ன வயசுல எங்க தெருவுக்கு ஈயம் பூசறவர் வருவார். பாத்திரத்தைக் கொடுத்தா அரை மணி நேரத்துல வெள்ளி மாதிரி திரும்பி வரும். அம்மா ஒரு தடவை கூட 'பழசாயிடுச்சு, தூக்கிப் போடு'ன்னு சொன்னதில்லை.)

காரீயத்துலேர்ந்து செய்யற வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெய்ல அரைச்சா, அதுதான் பல நூற்றாண்டா உலகத்துலயே உசத்தியான வெள்ளை பெயிண்ட். எண்ணெயோட சேர்ந்து கெட்டியான, ஆனா வளைஞ்சு கொடுக்கற தோல் மாதிரி ஆயிடும். வெடிக்காது, உரியாது. பெயிண்டருங்க அதை உயிரா நேசிச்சாங்க. அது அவங்க உயிரையே எடுத்துச்சு. வயித்து வலி, மணிக்கட்டு தொங்கிப் போறது, மூளை பாதிப்பு, எல்லாம் அந்தத் தொழிலோட கூடவே வந்த வியாதிங்க.

இது யாருக்கும் தெரியாம நடந்ததுன்னு நினைச்சா ஏமாந்து போவோம். 1904-லயே ஆஸ்திரேலியாவோட பிரிஸ்பேன்ல லாக்ஹார்ட் கிப்சன்ங்கற டாக்டர், குழந்தைகளுக்கு வர்ற காரீய நோய்க்கு வீட்டுப் பெயிண்ட்தான் காரணம்னு எழுதிட்டார். வராந்தா கைப்பிடிலேர்ந்து உதிர்ற பெயிண்ட் குழந்தை கைல ஒட்டும், கை வாய்க்குப் போகும். 1909-ல் ஃபிரான்ஸ் தடைச் சட்டம் போட்டுது. 1910-ல் அமெரிக்காவுல ஆலிஸ் ஹாமில்டன்ங்கற டாக்டரம்மா இல்லினாய்ஸ் மாநிலத்துக்காக காரீயத் தொழிற்சாலைங்களுக்கு நேர்ல போய், யார் யாருக்கு என்ன வியாதின்னு கணக்கெடுத்தாங்க. (பின்னாடி 1919-ல் ஹார்வர்டோட முதல் பெண் ஆசிரியர் ஆனதும் இவங்கதான்.) 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களுக்கு உள்ள இந்த வெள்ளைப் பெயிண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு உடன்படிக்கையே கொண்டு வந்துச்சு. அமெரிக்கா அதுல கையெழுத்துப் போடலை.

அதுக்குப் பதிலா இங்க என்ன நடந்துச்சு? 'டச் பாய்'ன்னு ஒரு சின்னப் பையன் படத்தை முத்திரையா வெச்சு காரீய பெயிண்ட் வித்தாங்க. 1923-ல் குழந்தைங்க வண்ணம் தீட்டி விளையாட ஒரு புத்தகமே போட்டாங்க. பேரு 'டச் பாயின் காரீய விருந்து'. நான் கதை விடலை, நிஜமாவே அதுதான் பேரு.

1955-ல்தான் இங்க வீட்டுக்குள்ள அடிக்கற பெயிண்ட்ல காரீயம் ஒரு சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு ஒரு தர அளவு வந்துச்சு. அதுவும் கம்பெனிங்க தாங்களா கடைப்பிடிக்க வேண்டியது, சட்டம் இல்லை. எங்க வீட்டு கிரீம் சட்டை அடுத்த வருஷம் போட்டது. வீட்டு பெயிண்ட்ல சட்டப்படி தடை வந்தது 1978-ல். கிப்சன் எழுதி 74 வருஷம் கழிச்சு.

ரெண்டு, மூணு: புதினாப் பச்சை, தங்க மஞ்சள்

இது ரெண்டும் 60, 70-கள். ரெண்டாவது உலகப் போர் முடிஞ்சு, எல்லாரும் புறநகர்ல வீடு வாங்கி, கையில காசு புழங்கின காலத்தோட தொடர்ச்சி. ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் கலர் கலரா வந்துச்சு. 50-கள்ல இளஞ்சிவப்பு, நீலப்பச்சை. 60-களோட கடைசிலயும் 70-கள்லயும் அவகாடோ பச்சை, அறுவடைத் தங்கம். ஃபிரிட்ஜுக்குப் பொருத்தமா அலமாரிக்கும் சட்டை மாத்தினாங்க. அறுவடைத் தங்கம்னா கேக்க நல்லாருக்கு. ஆனா பாலிஷா சொன்னா கடுகு நிறம், பச்சையா சொன்னா... வேண்டாம் விடுங்க :-)

கவனிச்சுப் பாருங்க, அப்பவும் அலமாரியைத் தூக்கிப் போடலை. நிறத்தை மட்டும் மாத்தினாங்க. அதுக்குள்ள பெயிண்ட்டே மாறிடுச்சு. ஆளிவிதை எண்ணெய்ல செயற்கைப் பிசினைச் சேர்த்த 'அல்கிட்' பெயிண்ட் 1930-கள்லேர்ந்து பரவுச்சு. வேகமாக் காயும், கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

இன்னொரு கதையும் இங்கதான் சேருது. டொலீடோல அலன் டிவில்பிஸ்னு ஒரு டாக்டர் இருந்தார். தொண்டைக்குள்ள மருந்தைத் தெளிக்க 1888-ல் ஒரு தெளிப்பான் செஞ்சு கம்பெனி ஆரம்பிச்சார். அவர் மகன் தாமஸ், அதே யோசனைய பெயிண்ட்டுக்குத் திருப்பி 1907-ல் ஸ்பிரே கன் செஞ்சார். (சிகாகோல ஜோசப் பிங்க்ஸ்னு ஒருத்தர் அதுக்கு முன்னாடியே 1887-ல் ஒரு பெரிய கடையோட நிலவறைக்கு வெள்ளையடிக்கத் தெளிக்கற மெஷின் செஞ்சிருந்தார். முதல் யார்ங்கற சண்டை நமக்கு வேண்டாம்.) 1923-ல் டூப்பான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் 'டூகோ' லேக்கரைக் கொண்டு வந்ததும் ஸ்பிரே கன்னுக்கு யோகம் அடிச்சுது. வண்ணக் காருக்கு பெயிண்ட் அடிச்சுக் காய வாரக்கணக்குல ஆன வேலை, நாள்கணக்குக்கு வந்துடுச்சு.

கார்ல ஜெயிச்சது சமையலறைக்கு வந்துச்சு. போருக்கப்புறம் எங்க ஒஹாயோவோட வாரன் நகரத்து முல்லின்ஸ் கம்பெனி, 'யங்ஸ்டவுன் கிச்சன்ஸ்'ங்கற பேர்ல இரும்புத் தகட்டுல அலமாரி செஞ்சு வித்துது. கார் மாதிரியே எனாமல் பூசி, சூட்டுல வாட்டினது. இன்னிக்கும் அந்த அலமாரி வெச்சிருக்கறவங்க, நிறம் போனா கதவைக் கழட்டி கார் பெயிண்ட் கடைக்கே எடுத்துட்டுப் போறாங்க!

ஆனா வீட்டு பெயிண்டருங்க ஸ்பிரே கன்னைக் கண்டாலே எரிஞ்சு விழுந்தாங்க. 1887-ல் ஆரம்பிச்ச பெயிண்டர் சங்கம் அதைப் பல வருஷம் எதிர்த்துச்சு. பிழைப்பு போயிடும்ங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, பிரஷ்ல இருந்தா கைல ஒட்டற காரீயம், ஸ்பிரேல வந்தா நேரா நெஞ்சுக்குள்ள போகும்ங்கறது. எங்க பெரியவரோட தாத்தா சங்கத்து ஆளாம். "கடைசி வரைக்கும் ஸ்பிரே கன்னைத் தொடமாட்டேன்னுட்டார். பிற்போக்குன்னு எங்கப்பா சிரிப்பார். எங்கப்பா அறுபதைத் தாண்டலை. தாத்தா எண்பத்தி நாலு வரைக்கும் இருந்தார்"னார். அதுக்கு மேல அவரும் பேசலை, நானும் கேக்கலை.

நாலாவது சட்டை: வெள்ளை

இதுவும் ஒஹாயோ சரக்குதான். கிளீவ்லாண்ட்ல இருந்த கிளிடன் கம்பெனி 1948-ல் 'ஸ்ப்ரெட் சாட்டின்'னு ஒரு பெயிண்ட் கொண்டு வந்துச்சு. போர்க்காலத்துல செயற்கை ரப்பருக்காகப் பண்ணின ஆராய்ச்சியோட பலன். தண்ணில கரையும், நாத்தம் கம்மி, பிரஷ்ஷைக் குழாய்லயே கழுவிடலாம். டர்பன்டைன் தேவையில்லை. 'பெயிண்டரைக் கூப்பிடுவானேன், நாமே அடிச்சுக்கலாம்'ங்கற தைரியம் சாதாரண ஜனங்களுக்கு வந்தது இதனாலதான். சுவருக்கு இது பெரிய வரம்.

அலமாரிக்கு? அங்கதான் நம்மாளுங்க கோட்டை விட்டாங்க. சுவரை யாரும் நாளைக்கு இருபது தடவை திறந்து மூடறதில்லை. சாதா லேட்டக்ஸ் பெயிண்ட் காஞ்சாலும் கொஞ்சம் மெத்துனுதான் இருக்கும். கதவு சட்டத்தோட போய் ஒட்டிக்கும், இழுத்தா பட்டுன்னு உரியும். அதைவிட மோசம், பளபளக்கற பழைய எண்ணெய் பெயிண்ட் மேல தேய்க்காம, எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்காம அப்படியே அடிக்கறது. பிடிமானமே இருக்காது. எங்க வீட்டு அப்பளம் அப்படி வந்ததுதான். யாரோ எனக்கு முன்னாடி இருந்த ஒரு அடியேன், ஒரு சனி, ஞாயிறுல முடிச்சுக் காட்டியிருக்கார் :-(

அப்படி உரிஞ்சு உரிஞ்சு ஜனங்களுக்கு அலமாரி பெயிண்ட்னாலே அலுத்துப் போச்சு. கூடவே 80, 90-கள்ல தேன் நிற ஓக் அலமாரி ஃபேஷன் ஆச்சு. பெயிண்ட் அடிச்சதெல்லாம் மட்டம், மரம் தெரிஞ்சாத்தான் கௌரவம்னு ஆச்சு. 1985-ல் ஐகியா அமெரிக்காவுக்கு வந்துச்சு. மரத்தூளை அழுத்திச் செஞ்ச பெட்டிங்க, பாக்க அழகு, ஆனா சிங்க்குக்குக் கீழ தண்ணி கசிஞ்சா இட்லி மாதிரி உப்பிடும். அதுக்கு எந்த பெயிண்ட்டும் வைத்தியம் இல்லை. தூக்கிப் போடத்தான் வேணும்.

குளியலறை

சின்ன அறை, சின்னப் பத்தி. ஆனா தாண்டிப் போகாதீங்க.

குளியலறைல நீராவிதான் எதிரி. கதவோட அடி ஓரம், பின்பக்கம், கீல் குழி, கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்கள்ல பெயிண்ட் படலைன்னா ஈரம் அங்க புகுந்து முன்பக்கத்தைத் தள்ளிடும். அதனால நல்ல பெயிண்டர் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைத்தான் முதல்ல பாப்பார்.

இன்னொண்ணு. பழைய பெயிண்ட்டை உரிக்க மெத்திலீன் குளோரைடுங்கற திரவத்தை முன்னாடி எந்தக் கடைலயும் வாங்கலாம். தடவினா பெயிண்ட் தானா நெளிஞ்சு வரும். அதோட ஆவி காத்தை விட கனம், மூடின சின்ன அறைல தங்கிடும். 2000-க்கும் 2011-க்கும் நடுவுல அமெரிக்காவுல குளியல் தொட்டிக்கு மறுபூச்சு பூசற வேலைல 13 பேர் இதனால செத்துப் போயிருக்காங்க. எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுக் குளியலறைல, தனியா குனிஞ்சு வேலை பார்த்தவங்க. பெயிண்ட் உரிக்கறதுக்காக வீட்டுக்காரங்களுக்கு இதை விக்கக் கூடாதுன்னு 2019-ல்தான் தடை வந்துச்சு. 2024-ல் தடை இன்னும் விரிவாச்சு.

அஞ்சாவது சட்டை

மூணாவது நாள் டாக்டர் ஆஃபீஸ்லேர்ந்து போன். இங்க குழந்தைங்க ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்ங்கறது 2021-லேர்ந்து எச்சரிக்கைக் கோடு. மக அதுக்குக் கீழதான் இருந்தா. ஆனாலும் கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம். அதுவும் கீழதான். போனை வெச்சுட்டுத் தங்கமணி கொஞ்ச நேரம் எங்கிட்ட எதுவும் பேசலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

மறுநாள் துணுக்கோட ரிப்போர்ட்டும் வந்துச்சு. நாலு சட்டையும் சேர்த்துப் பார்த்ததுல காரீயம் 0.5 சதவீதத்துக்கு மேல. எந்தச் சட்டைல எவ்வளவுன்னு அவங்க பிரிச்சுச் சொல்றதில்லை. தங்க மஞ்சள்லயும் இருந்திருக்கலாம், ஏன்னா அந்தக் காலத்து மஞ்சள் நிறப்பொடி பலது காரீயம் சேர்ந்தது.

பெரியவரையே கூப்பிட்டோம். 2010-லேர்ந்து இங்க ஒரு விதி இருக்கு. 1978-க்கு முந்தின வீட்டுல ஓர் அறைல 6 சதுர அடிக்கு மேல பழைய பெயிண்ட்டைக் கிளறினா, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினவர்தான் கூலிக்குச் செய்யலாம். சொந்த வீட்டுல சொந்தமா தேய்க்கற ஆளுக்கு இந்த விதி கிடையாது. அதாவது அன்னிக்கு நான் செஞ்சது சட்டப்படி தப்பே இல்லை. அதை நினைச்சாத்தான் இன்னும் பயமா இருக்கு.

எட்டு நாள் வேலை. எல்லாக் கதவையும் கழட்டி, எது எங்கேன்னு கீல் குழிக்குள்ள நம்பர் போட்டார். சமையலறைய பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, வாசல்ல ஜிப் வெச்சார். முதல்ல எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவறது. தேய்க்கறதுக்கு முன்னாடி கழுவணும், இல்லைன்னா பிசுக்கையே மரத்துக்குள்ள தேய்ச்சு ஏத்தினதா ஆயிடும். அப்புறம் உரியற பெயிண்ட்டை மட்டும் ஈரம் பண்ணிட்டுத் தேய்ச்சார். கெட்டியா இருந்த அடிச் சட்டைங்களைத் தொடலை. "தூங்கறவனை எழுப்பாதே. மேல நல்லாப் போர்த்தி விடு. ஆனா உரியுதான்னு அப்பப்ப பார்த்துக்கோ"ன்னார்.

அடுத்து பட்டி பாத்து, பிரைமர். டப்பாவைப் பார்த்து நான் ஆடிப்போயிட்டேன். அரக்கு! நம்ம ஊர் அரக்கேதான். ஜார்க்கண்ட் பக்கத்து மரங்கள்ல பூச்சி சுரக்கற பிசின். பாண்டவருக்கு துரியோதனன் மாளிகை கட்டின சமாச்சாரம். மர ரசம், எண்ணெய்க் கறை, பழைய நாத்தம் எதையும் மேல வர விடாம அடைக்கறதுக்கு இத்தனை ரசாயனம் வந்தும் இதுக்கு ஈடு கிடையாதாம். நியூயார்க்ல ஜின்சர் கம்பெனி 1849-லேர்ந்து அரக்குத் தொழில் பண்ணியிருக்கு. லேக்கர்ங்கற வார்த்தையே நம்ம 'லாக்ஷா'விலேர்ந்து போனதுதான்.

கதவுகளுக்கு அவர் பட்டறைல ஸ்பிரே. பழைய ஸ்பிரே கன்ல பாதிக்கு மேல பெயிண்ட் காத்துல போயிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தால 1966-ல் அங்க கரைப்பான்களுக்கு முதல் கட்டுப்பாடு வந்துச்சு. 80-களோட கடைசில தெற்கு கலிஃபோர்னியால ஸ்பிரே கன்னுக்கும் கெடுபிடி வந்து, காத்து நிறைய, அழுத்தம் கம்மியா இருக்கற புது வகை கன் பரவுச்சு. பெயிண்ட்டும் தண்ணில கரையற அல்கிட். லேட்டக்ஸ் மாதிரி கழுவலாம், எண்ணெய் பெயிண்ட் மாதிரி இறுகும். முழுசா இறுக மூணு, நாலு வாரம், அதுவரைக்கும் மெதுவாத் திறக்கணும். இதைவிடக் கெட்டியா ரெண்டு திரவத்தைக் கலந்து அடிக்கற பூச்சு இருக்கு. அதுல இருக்கற ஐசோசயனேட் பெயிண்டருக்கு ஆஸ்துமா கொண்டு வரும். "எனக்கு வேண்டாம், உங்களுக்கும் அவ்வளவு கெட்டி தேவையில்லை"ன்னுட்டார். தாத்தா பேச்சு கொஞ்சம் ஒட்டியிருக்கும்போல.

புதுசு மாட்டினா ஆகியிருக்கற செலவுல அஞ்சுல ஒரு பங்குதான் ஆச்சு. ஆனா எனக்குப் புரிஞ்சது காசு விஷயம் இல்லை. பெயிண்ட் அடிக்க அவர் எடுத்துக்கிட்டது ரெண்டு நாள். மீதி ஆறு நாளும் அடில இருக்கறதுக்குப் பண்ணின மரியாதை. பெட்டி கெட்டியா இருந்தா மாத்தத் தேவையே இல்லை. ஆனா ஏற்கெனவே போட்டிருக்கற சட்டை எதுன்னு தெரியாம அடுத்த சட்டைய எடுக்கக் கூடாது. பிரஷ்ஷைப் பிடிக்கக் கத்துக்கறது ஒரு நாள் வேலைங்க. இதுதான் தொழில்.

இப்ப அலமாரி இளநீல நிறம். ஈ உக்காருதான்னு தினமும் பாக்கறேன். உக்காருது :-)

பி.கு: நம்ம ஊர்லயும் வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர்லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. அப்ப அதுக்கு முன்னாடி அடிச்ச கதவு, ஜன்னல், கிரில், தொட்டில்? பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பழைய பெயிண்ட்டைச் சுரண்டறப்ப, தண்ணி தெளிச்சுட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. தேய்க்கறவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க. குழந்தைங்களை ரெண்டு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க. பாட்டிக்கும் சந்தோஷம்.